அலுவலகக் கம்ப்யூட்டரில் யாருக்கு எந்தச் சாவி?

(அறக்கட்டளை, மதரஸா, பள்ளிக்கூடம், கடை அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பயன்படுத்துவோருக்காக நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்பில் எங்கள் கணினிக் குழு சார்பில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)





கம்ப்யூட்டர் பழுது என்று எங்கள் குழுவுக்குப் போன் வரும்போது பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "நேற்றுவரை நன்றாக ஓடியது பாய், இன்றைக்குத் திறக்கவே மாட்டேன் என்கிறது" என்பது ஒன்று. "அவர் உட்கார்ந்தால் வேலை செய்கிறது, நான் உட்கார்ந்தால் செய்யவில்லை" என்பது இன்னொன்று. முதலாவதற்கு நூறு காரணம் இருக்கலாம். இரண்டாவதைக் கேட்டவுடன் எங்களுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்தவருக்கு ஏதோ ஓர் இடத்தில் அனுமதி இல்லை. இன்றைக்கு அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இதற்கு எல்லோரும் கையில் வைத்திருக்கும் மருந்து ஒன்று உண்டு. "அட்மின் பாஸ்வேர்டை அவருக்கும் கொடுத்துவிடுங்கள்." சில அலுவலகங்களில் அந்தப் பாஸ்வேர்ட் மானிட்டருக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டில் ஒட்டியே இருக்கும். அதைக் கொடுத்தவுடன் திரையில் வந்த பிழைச் செய்தி மறைந்துவிடும். பிழை மறைந்ததா, செய்தி மட்டும் மறைந்ததா என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இந்தச் சண்டை எங்கே தொடங்கியது என்று தெரியும். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே கொடுக்காமல் உள்ளே போய்விடலாம்! கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது உண்மையான பூட்டுகள் வந்தன. ஆளுக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஏற்ற அதிகாரம் என்று வைத்தார்கள். ஆனால் முதன்முதலில் உருவாக்கும் கணக்கு அட்மின் கணக்காகவே இருந்ததால், வீட்டிலும் அலுவலகத்திலும் அநேகமாக எல்லோரும் அட்மினாகவே வாழ்ந்தார்கள். மென்பொருள் எழுதியவர்களும் அதையே நம்பி எழுதினார்கள். கணக்கு எழுதும் புரோகிராம், ரசீது போடும் புரோகிராம், சம்பளப் பட்டியல் புரோகிராம் எல்லாம் தங்களுடைய விவர ஃபைல்களைத் தாங்கள் குடியிருக்கும் ஃபோல்டரிலேயே, அதாவது சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளேயே வைத்துக்கொண்டன.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து அட்மினாக நுழைந்தவருக்கும் சாதாரண அதிகாரம்தான். பெரிய மாற்றம் ஏதாவது செய்யப்போனால் திரை மங்கி, "அனுமதிக்கலாமா?" என்று ஒரு கேள்வி வரும். இது பலருக்கு எரிச்சலாக இருந்ததால் அந்தக் கேள்வியையே அணைத்து வைத்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாடு விண்டோஸ் 7, 10, 11 என்று இன்றுவரை தொடர்கிறது. ஸ்டாண்டர்ட் யூஸர் எனப்படும் சாதாரணக் கணக்கில் இருப்பவர் தன்னுடைய டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களில் தாராளமாக எழுதலாம். விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் ரெஜிஸ்ட்ரியின் பொதுப்பகுதியிலும் படிக்கலாம், எழுத முடியாது. பூட்டே இல்லாத வீட்டுக்குப் பழகிய மென்பொருளைப் பூட்டுள்ள வீட்டுக்குக் குடிவைத்தால் என்ன ஆகும்? தினமும் சண்டைதான்.

அந்தச் சண்டையைச் சத்தமில்லாமல் ஆக்க விண்டோஸே ஒரு வேலை செய்கிறது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கணக்குப் பார்ப்பவர்களுக்கு மிகவும் தேவையான விஷயம் இது. பழைய 32-பிட் புரோகிராம் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுத்துப் பிழை காட்டுவதற்குப் பதிலாக, எழுதிய மாதிரி நம்பவைத்து, அந்த ஃபைலின் நகலை அந்த யூஸருடைய சொந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்த இடத்துக்குப் பெயர் விர்ச்சுவல் ஸ்டோர். சி டிரைவில் யூஸர்ஸ், அதற்குள் அவருடைய பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், அப்புறம் விர்ச்சுவல் ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அடுத்த முறை அதே ஆள் புரோகிராமைத் திறந்தால் அவருடைய நகல்தான் திறக்கும். இன்னொருவர் தன் கணக்கில் நுழைந்து எழுதினால் அவருக்குத் தனி நகல் உருவாகும். "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்தால் இரண்டும் தெரியாது, புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் மூல ஃபைல் தெரியும். ஆக ஒரே கம்ப்யூட்டர், ஒரே புரோகிராம், மூன்று கணக்கு!

64-பிட் மென்பொருளுக்கும் புதிய முறைப்படி எழுதிய மென்பொருளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் நேராக "ஆக்சஸ் டினைட்" என்றே வந்துவிடும். எங்களைக் கேட்டால் அதுவே மேல் என்போம். முகத்துக்கு நேரே மறுப்பவரோடு பேசித் தீர்க்கலாம். தலையாட்டிவிட்டு வேறு இடத்தில் கொண்டுபோய் வைப்பவரைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகும்.

இதன் வலி என்ன என்பதற்கு நாங்கள் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு நலச்சங்க அலுவலகம், நோன்பு மாதம். அந்த மாதத்தில் வசூல் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு சகோதரி ரசீது போடுவார், அஸருக்குப் பிறகு ஒரு தம்பி. இருவருக்கும் தனித்தனி லாகின் இருந்தது. ரசீது புரோகிராம் பல வருடங்களுக்கு முன்பு எழுதி வாங்கியது. பழைய கம்ப்யூட்டரில் எல்லோரும் ஒரே லாகினில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிறகு, சகோதரி காலையில் போட்ட ரசீதுகள் மாலையில் தம்பியின் திரையில் இல்லை. புரோகிராம் அவரவர் நகலில் இருந்த கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைத் தானாகக் கொடுத்துக்கொண்டே போனது. விளைவு, ஒரே எண்ணில் இரண்டு ரசீதுகள், இரண்டு பேர் கையில்.

மாதக் கடைசியில் செயலாளர் கணக்கு எடுத்தார். தம்பியின் லாகினில் எடுத்ததால் காலை வரவு ஒன்றுமே அதில் வரவில்லை. ரசீது வாங்கியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், ஏட்டில் வரவு இல்லை. போதாக்குறைக்கு ஒரே எண்ணுள்ள இரண்டு ரசீதுகளும் மேசைக்கு வந்து சேர்ந்தன. "தனியாக ரசீது அடித்துவிட்டார்களா?" என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டே விட்டார். அதற்குமேல் அந்தச் சகோதரி வேலைக்கு வரவில்லை. அவருடைய வாப்பா வந்து அலுவலக வாசலில் நின்று, "என் பிள்ளை ஒரு ரூபாய் தொடமாட்டாள்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒருவர் இடையில் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துப் பார்க்க, கம்ப்யூட்டர் மாற்றிய நாளுக்குப் பிறகு ஒன்றுமே இல்லாத பழைய கணக்கு திறந்தது. சரி, எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தில்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

போனவுடன் எதையும் திருத்தவில்லை. இரண்டு லாகினிலும் நுழைந்து கடைசி ரசீதைத் திறந்து, திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டோம். சகோதரியின் லாகினில் காலை ரசீதுகள் ஒன்று விடாமல் இருந்தன. பிறகு அட்மின் கணக்கில் நுழைந்து, மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி, இருவருடைய விர்ச்சுவல் ஸ்டோரையும் திறந்தோம். ஒரே பெயரில் மூன்று ஃபைல், மூன்று தேதி. வங்கியில் கட்டிய தொகையோடு இரண்டு நகல்களின் வரவையும் கூட்டிப் பார்த்தபோது சரியாக வந்தது. செயலாளர் அன்று இரவே அந்தச் சகோதரியின் வீட்டுக்குத் தானே போய் விவரம் சொன்னார்.

இப்படி ஒரு நிலை உங்கள் அலுவலகத்தில் வந்தால் வரிசையாகச் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் எல்லோரும் பதிவதை நிறுத்துங்கள். மூன்று ஃபைல்களையும் தனித்தனி ஃபோல்டரில், யாருடையது, என்ன தேதி என்று பெயர் எழுதி, பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எது புதியதோ அதை மற்றதன் மேல் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டிலும் தனித்தனி உண்மை இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் ஒன்று அழிந்துபோகும். இரண்டு நகலிலிருந்தும் பட்டியலை அச்செடுத்து, பதிவுகள் குறைவாக உள்ளதை அதிகமாக உள்ளதில் கையால் ஏற்றுவதுதான் பத்திரமான வழி. இரட்டை எண் விழுந்த ரசீதுகளுக்கு எண்ணோடு அ, ஆ என்று சேர்த்து, கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். தணிக்கையாளர் கேட்கும்போது அது கைகொடுக்கும்.

அப்புறம் விவர ஃபோல்டரை எல்லோரும் எழுதக்கூடிய பொது இடத்துக்கு மாற்ற வேண்டும். புரோகிராமின் செட்டிங்ஸில் டேட்டா இருக்கும் இடத்தை மாற்ற வழி இருந்தால் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். வழி இல்லையென்றால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும், அதைப் பயன்படுத்தும் ஆட்களுக்கு மட்டும், மாடிஃபை அனுமதி கொடுங்கள். இங்கே பலர் தவறவிடும் ஒரு படி இருக்கிறது. அனுமதி கொடுத்த பிறகும் விர்ச்சுவல் ஸ்டோரில் பழைய நகல் கிடந்தால், புரோகிராம் அதைத்தான் முதலில் எடுக்கும். ஆகவே அந்த நகல்களை அங்கிருந்து அப்புறப்படுத்திப் பத்திரமாக வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் புரோகிராமைத் திறக்க வேண்டும்.

"இவ்வளவு எதற்கு, எப்போதும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டரிலேயே திறந்தால் எல்லோருக்கும் ஒரே ஃபைல்தானே?" என்று ஒரு சகோதரர் வகுப்புக்கு முன்பே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்க உதவும். தினசரி மருந்தாக எடுத்தால் வேறு நான்கு நோய் வரும். சாதாரண லாகினில் இருப்பவர் அப்படித் திறக்கும்போது அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். கொடுத்தால் அந்தப் புரோகிராம் உங்கள் பெயரில் ஓடாது, அட்மின் பெயரில் ஓடும். டாக்குமெண்ட்ஸில் சேமித்தேன், காணோம் என்பார்கள். தேடிப் பார்த்தால் அட்மினுடைய டாக்குமெண்ட்ஸில் இருக்கும். உங்களுக்குத் தெரிகிற நெட்வொர்க் டிரைவ், இசட் டிரைவ் என்று வைத்திருப்பீர்களே, அது அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. மெயிலிலோ ஃபோல்டரிலோ இருந்து ஃபைலை இழுத்து அதன் மேல் போட்டால் ஏற்காது.

இன்னொன்று நம் தமிழ் ஆட்களுக்கே உரியது. தமிழ் தட்டச்சுக்கென்று தனி மென்பொருள் போட்டிருப்பீர்கள். வேர்டில் தமிழ் வரும், ரசீது புரோகிராமில் மட்டும் இங்கிலீஷாகவே விழும். கீபோர்டை மாற்றிப் பார்ப்பார்கள், மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். காரணம் வேறு. சாதாரண அதிகாரத்தில் ஓடும் ஒரு புரோகிராம், அட்மின் அதிகாரத்தில் ஓடும் இன்னொரு புரோகிராமின் ஜன்னலுக்குள் எழுத்தை அனுப்பக் கூடாது என்று விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒரு தடை இருக்கிறது. திருட்டு மென்பொருள்களைத் தடுக்க வைத்த வேலி அது. நம்முடைய தமிழ் தட்டச்சும் அந்த வேலியில் மாட்டிக்கொள்கிறது. ரசீது புரோகிராமைச் சாதாரணமாகத் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

எழுத்துரு விஷயமும் இதே வகைதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நிக்காஹ் சான்றிதழ்களும் கடிதங்களும் இன்னும் அலுவலகங்களில் நிறைய இருக்கின்றன. 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத்துரு ஃபைலைச் சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த யூஸருக்கு மட்டும்தான் சேரும். அடுத்த லாகினில் அதே கடிதம் புரியாத இங்கிலீஷ் எழுத்துக் குவியலாகத் தெரியும். "ஃபைல் கெட்டுவிட்டது" என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். எழுத்துரு ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூஸர்ஸ்" கொடுத்தால் போதும். அட்மின் பாஸ்வேர்ட் ஒரு தடவை கேட்கும். சில மென்பொருள்கள் நிறுவும்போதும் "எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா" என்று கேட்கும். அலுவலகக் கம்ப்யூட்டரில் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரச்சினை அனுமதியால்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேறொரு லாகினில் அதே வேலை நடக்கிறதா என்று பாருங்கள். அதே லாகினில் ஒரே ஒரு தடவை அட்மினாகத் திறந்து பாருங்கள், எதையும் பதியாமல். இரண்டில் ஒன்றில் நடந்தால் அனுமதிதான். நடக்கவே இல்லையென்றால் வேறு காரணம், அனுமதியைக் கிளறாதீர்கள். கணக்கு மென்பொருளுக்கு உள்ளேயே தனி யூஸர் பட்டியல் இருக்கும், அதில் உரிமை குறைவாக இருந்தாலும் இதே மாதிரி தோன்றும் என்பதை மறக்க வேண்டாம். விண்டோஸ் 10, 11இல் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் வைரஸ்களுக்காக வைத்தது. அதை இயக்கி வைத்திருந்தால், அறிமுகமில்லாத புரோகிராமை டாக்குமெண்ட்ஸில் எழுதவிடாது. அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

எந்த ஃபோல்டரில் தடை என்று குறிப்பாகக் கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தரும் கருவி ஒன்று உண்டு. பெயர் பிராசஸ் மானிட்டர். சிஸ்இன்டர்னல்ஸ் என்ற தொகுப்பில் இருக்கிறது. அதை அட்மினாக இயக்கிவிட்டு, பிழை வரும் வேலையைச் சாதாரண லாகினில் ஒருமுறை செய்துவிட்டு நிறுத்துங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடியிருக்கும். பயப்பட வேண்டாம். ரிசல்ட் என்ற பத்தியில் "ஆக்சஸ் டினைட்" உள்ளவற்றை மட்டும் வடிகட்டச் சொன்னால், புரோகிராம் கேட்டு மறுக்கப்பட்ட இடங்கள் மட்டும் எஞ்சும். எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பதில்லை. பிழை வந்த நேரத்தில் நம்முடைய புரோகிராம் எந்த ஃபைலைக் கேட்டது என்று பாருங்கள், அதை மட்டும் கவனியுங்கள்.

அனுமதி கொடுக்கும்போது ஃபுல் கண்ட்ரோல் கொடுக்காதீர்கள். படிக்க, எழுத, அழிக்க மாடிஃபை போதும். ஃபுல் கண்ட்ரோல் உள்ளவர் அடுத்தவருடைய அனுமதியையே மாற்றிவிடலாம். ஆக்சஸில் செய்த உறுப்பினர் பட்டியல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. அதைத் திறக்கும்போது பக்கத்திலேயே ஒரு சிறிய பூட்டு ஃபைலை அது உருவாக்கும். அதற்கு ஃபோல்டரிலும் எழுதும் அனுமதி வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ஆள் திறக்கும்போது தகராறு செய்யும். அப்புறம் டினை என்ற கட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். யாருக்கு வேண்டாமோ அவருக்கு அனுமதி கொடுக்காமல் விட்டாலே போதும். எவரிஒன் என்பதற்கு டினை போட்டுவிட்டால், அந்த "எல்லோரும்" என்பதில் போட்டவரும் சேர்த்தி. மறுப்பு, அனுமதியை வென்றுவிடும்.

நெட்வொர்க்கில் பொதுவாக வைக்கும் ஃபோல்டருக்கு இரண்டு கதவு. பகிர்வுக்கான அனுமதி வீட்டு வாசல் சாவி மாதிரி, ஃபோல்டருக்கான அனுமதி பீரோ சாவி மாதிரி. பீரோ சாவி மட்டும் இருந்து வாசல் சாவி இல்லையென்றால் உள்ளே போக முடியாது. இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். "அந்த மெஷினிலேயே உட்கார்ந்தால் எழுத முடிகிறது, என் மெஷினிலிருந்து படிக்கத்தான் முடிகிறது" என்றால் வாசல் சாவியைப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒரு முக்கியமான விஷயம். நம் அறக்கட்டளைகளில் ஜகாத் உதவி கேட்டு வந்த மனுக்கள், விதவையருக்கான மாதாந்திர உதவிப் பட்டியல், மருத்துவ அறிக்கைகள், கல்வி உதவி கேட்ட பிள்ளைகளின் குடும்ப வருமான விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அவை அமானத். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அலுவலகத்தில் தேநீர் குடிக்க வருபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லோரும் அட்மினாக இருக்கும் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் நடுத்தெருவில் விரித்து வைத்த மாதிரிதான். தனி ஃபோல்டர் போட்டு, பரிசீலிக்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுமதி வையுங்கள். ஃபைலை அதற்குள் கொண்டுபோகும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபைலை இடம் மாற்றினால், அதாவது கட் செய்து பேஸ்ட் செய்தால், அது பழைய இடத்து அனுமதியையே தன்னோடு கொண்டுவரும். காப்பி செய்தால் புதிய இடத்தின் அனுமதியை ஏற்கும். பொது ஃபோல்டரில் ஸ்கேன் செய்த மனுவைக் கட் செய்து ரகசிய ஃபோல்டரில் போட்டால், அந்த ஒரு மனு மட்டும் முன்போல எல்லோருக்கும் திறந்தே இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே காப்பி செய்து, புதியது வந்ததைச் சரிபார்த்து, பழையதை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை உடனே அழித்துவிடுவது பலருடைய பழக்கம். அழிக்காதீர்கள், முடக்கி வையுங்கள். விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. லாகினை அழித்துவிட்டு அதே பெயரில் திரும்ப உருவாக்கினாலும் அந்த எண் வேறு; பழைய ஃபோல்டர்கள் அவரை அந்நியராகவே நடத்தும். ஃபோல்டர் அனுமதிப் பட்டியலில் பெயருக்குப் பதில் இப்படி ஓர் எண் மட்டும் தெரிந்தால், அங்கே ஒருகாலத்தில் யாரோ இருந்தார், அவருடைய லாகினை அழித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிரிண்டர் பற்றிச் சுருக்கமாக. 2021 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, பொதுவில் இருக்கும் பிரிண்டருக்கான டிரைவரைச் சாதாரண யூஸர் நிறுவ முடியாது, அட்மின் கேட்கும். பிரிண்டர் சேவையில் இருந்த பெரிய ஓட்டை ஒன்றை அடைக்கச் செய்த ஏற்பாடு அது. அதைத் திருப்பிவிடும் குறுக்கு வழிகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு மெஷினிலும் ஒருமுறை டிரைவரை நிறுவிவிட்டால் வேலை முடிந்தது.

இரவில் தானாக நகல் எடுக்கும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள், அது யாருடைய பெயரில் ஓடுகிறது என்று பார்த்துவையுங்கள். ஒருவருடைய பாஸ்வேர்டைப் பதிந்து வைத்து ஓடினால், அவர் பாஸ்வேர்டை மாற்றிய இரவிலிருந்து நகல் எடுப்பது நின்றுவிடும். காலையில் யாருக்கும் எந்தச் செய்தியும் வராது. வாரம் ஒருமுறை நகல் ஃபைலின் தேதியைக் கண்ணால் பார்ப்பது தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அட்மின் கணக்கு ஒன்று. தினசரி வேலைக்கு அதில் யாரும் நுழையக் கூடாது. தலைவராக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் படித்தவராக இருந்தாலும் சரி. அதன் பாஸ்வேர்டைக் கவரில் போட்டு ஒட்டி, கையெழுத்திட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். ரசீது போடுபவர், கணக்குப் பார்ப்பவர், மனு பரிசீலிப்பவர் ஒவ்வொருவருக்கும் சொந்த லாகின், சாதாரண அதிகாரம். தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்கக் கூடாது என்பதைக் கணினித் துறையில் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975லேயே ஒரு விதியாக எழுதி வைத்தார்கள். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது வருத்தப்பட்டால் அந்த ரசீது சகோதரியின் கதையைச் சொல்லுங்கள். அவருடைய ஃபைல் அவருடைய லாகினில் தனியாக இருந்ததால்தான் அவர் பதிந்ததை நாளும் நேரமுமாக எடுத்துக் காட்ட முடிந்தது. எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் இருந்திருந்தால், யார் பதிந்தார், யார் பதியவில்லை என்று எதை வைத்துச் சொல்லியிருப்போம்?

தேநீருக்குப் பிறகு பக்கத்து அறையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். விர்ச்சுவல் ஸ்டோரைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுப்பது, பிராசஸ் மானிட்டரை வடிகட்டுவது மூன்றையும் நீங்களே கையால் செய்து பார்க்கலாம். பெண்களுக்கு முதல் ஒரு மணி நேரம். இனிமேல் எங்களுக்குப் போன் செய்யும்போது பிழைச் செய்தியைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த லாகினில் வந்தது, அடுத்தவர் லாகினில் வருகிறதா என்று இரண்டு வரி எழுதுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நாங்கள் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.